பாய்லரக்காவின் தினசரி மாத்திரை

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் வேலை தொடங்கியதற்கு அடையாளம் சங்கும் இல்லை, மணியும் இல்லை. குழாய்ச் சத்தம்தான். டங், டங் என்று இரண்டே தட்டு. பாய்லரில் நீராவி ஏறியதும் அங்கே நிற்பவள் ஸ்பானரை எடுத்து ஆவிக்குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அனுப்பிவிட்டேன், வாங்கிக்கொள் என்று அதற்கு அர்த்தம். கட்டடத்தின் மறுகோடியில், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற பெரிய உருளை இயந்திரத்தருகே நெட்டை என்று ஒரு பெண் நிற்பாள். அவள் தன் பக்கத்துக் குழாயில் திருப்பி இரண்டு தட்டுவாள். வந்துவிட்டது என்று அர்த்தம். போன் வந்தது, ஒலிபெருக்கி வந்தது, இந்தத் தட்டை மட்டும் யாரும் விடவில்லை.

பத்தொன்பது வருஷமாக அந்த முதல் தட்டு ஒருத்தியின் கையிலிருந்துதான் கிளம்பியது. அவள் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. பாய்லரக்கா என்றால் வாசல் காவலாளிவரை தெரியும். ஐம்பத்திரண்டு வயது. முப்பத்து மூன்றில் நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் பரீட்சை எழுதி, பாய்லர் ஓட்டும் சான்றிதழ் வாங்கியவள். அந்தப் பெரிய இரும்பு உருண்டை வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியில் நின்றே காதால் சொல்லிவிடுவாள். "உங்க புருஷன் வயித்துல என்ன சத்தம் வருதுன்னு கூடக் கேட்பீங்களாக்கா?" என்று நெட்டை கிண்டல் செய்வாள். "அது எப்பவும் பசிச் சத்தம்தான். அதுக்குக் காது வேற வேணுமா?" என்பாள் இவள்.

அப்பேர்ப்பட்டவள் அன்று கம்பெனி டாக்டர் முன்னால் உட்கார்ந்து, மடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

பாய்லரோடு தனியாக நிற்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் கையெழுத்து வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. கையெழுத்து இல்லாவிட்டால் அந்த அறையில் வேலை இல்லை. டாக்டர் நிதானமான மனுஷர். ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தரம் படித்தார்.

"கெட்ட கொழுப்பு இருநூத்தி ஒம்பது. ஆறு மாசத்துக்கு முன்னாடி தொண்ணூத்தி நாலு இருந்துச்சு. மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

பொய். அவள் மாத்திரையைத் தொட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஏன் நிறுத்தினாள் என்று கேட்டால் சிரிக்காதீர்கள், கண்ணுகளா. சோம்பலும் இல்லை, மறதியும் இல்லை. அவளுக்குத் தொழில் தெரிந்ததுதான் காரணம். போன வருஷம் முதன்முதலில் இருநூற்றுப் பதினான்கு என்று வந்தபோது, இதே டாக்டர் ஒரு காகிதத்தில் குழாய் ஒன்றை வரைந்து, உள்ளே ஓரமாகப் பேனாவால் தீட்டி, "இப்படித்தாம்மா ரத்தக் குழாயில படியும்" என்று காட்டினார். படத்தைப் பார்த்த நொடியே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். பாய்லர்க் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்தால் என்ன செய்வார்கள்? ஆசிட்டைச் சுற்றவிட்டுக் கரைப்பார்கள். கரைந்து முடிந்ததும் அந்த நிமிஷமே ஆசிட்டை வெளியேற்றி, நல்ல தண்ணீரால் அலசுவார்கள். வேலை முடிந்த பிறகும் ஆசிட்டை உள்ளே விட்டுவைத்தால் அது படிவை விட்டுவிட்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால் மூன்று மாதம் கழித்துத் தொண்ணூற்று நான்கு என்று தாளில் பார்த்ததும், கழுவி முடிந்தது என்று தீர்மானித்து மாத்திரைப் பெட்டியை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டாள். தன் குழாயைத் தானே காப்பாற்றிக்கொண்ட திருப்தியோடு.

"மாத்திரை போட்டும் இவ்வளவுன்னா, இந்த அளவு பத்தலை" என்றார் டாக்டர். "ரெண்டு மடங்கா எழுதறேன். உங்க அண்ணன் எந்த வயசுல போனார்?"

"நாப்பத்தெட்டு." மாடிப்படியில், கையில் ஒரு சுமைகூட இல்லாமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அவருக்கும் கொழுப்பு இருந்தது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

"குடும்பத்துல வர்ற வகை இது. ஆவியும் நெருப்பும் இருக்கிற அறையில உங்களைத் தனியா நிக்க வைக்க நான் இப்போ கையெழுத்துப் போட மாட்டேன். மூணு மாசம் மடிப்பு மேஜையில வேலை பாருங்க. நூறுக்குக் கீழ கொண்டு வாங்க, போடறேன். வரலைன்னா அந்த இடத்துக்கு நிரந்தரமா வேற ஆளைப் போடச் சொல்லி மேனேஜர் கேட்டிருக்கார். மறைக்காம சொல்றேன்."

அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். வெளியே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பாய்லர் அறைச் சுவரில் அவளே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: முள்ளைப் பார்க்காமல் அளவு எழுதாதே. மானியைப் பார்க்காமலே பதிவேட்டில் அழுத்தம் எழுதியதற்காக, ஒருவனை வேலை நேரத்தின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பியவள் அவள். இன்றைக்கு டாக்டருக்குப் பொய் அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மருந்துக்கடையில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மருந்தாளுநர் பெண் இருந்தாள். பாய்லரக்கா அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள். தங்கச்சி சீட்டைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"அக்கா, அளவைக் கூட்டியிருக்காங்களே. ஆனா அஞ்சு மாசமா நீங்க இதை வாங்கவே இல்லை. வேற கடையில வாங்கினீங்களா?"

"ஆமா."

"எந்தக் கடை?"

"நீ என்ன போலீஸா?" என்று கேட்டுவிட்டு, சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சீட்டு கைப்பையின் அடியில் போய் மடிந்து படுத்தது. எண்ணெயைக் குறைத்து, மாலையில் ஒரு மணி நேரம் நடந்து, நூறுக்குக் கீழே தானே இறக்கிக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் வீம்பு.

மடிப்பு மேஜை என்பது நீளமான மேஜை. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று, உருளையிலிருந்து சுடச்சுட வரும் விரிப்புகளை மூலைக்கு மூலை சேர்த்து மடிப்பார்கள். நெட்டை அவளைத் தன் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்க. ராணி அரண்மனையை விட்டு அடுப்படிக்கு வந்துட்டாங்க. வழிவிடுங்கடி."

"வாயை மூடிட்டு மூலையைப் பிடி."

பாய்லர் அறைக்கு மாற்று ஆளாக வந்தவனுக்குச் சீட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வயது, கெட்டவன் இல்லை, எந்நேரமும் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு அந்த இரண்டு தட்டு வழக்கம் பிடிபடவே இல்லை. ஆவி வரும், தட்டு வராது. நெட்டை காத்திருந்து காத்திருந்து ஒருநாள் தானாகவே தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. "தந்தி அடிச்சா எடுக்க ஆளில்லை" என்று முணுமுணுத்தாள்.

இரண்டு வாரம் போனது. பதினைந்தாம் நாள் காலையில் பாய்லரக்கா ஒரு விரிப்பை மடித்தவள், பாதியில் நின்றாள். விரல் நுனியில் லேசான ஈரம். அடுத்த விரிப்பைத் தொட்டாள். அதிலும் ஈரம். யாருக்கும் தெரியாத அளவுதான். ஆனால் பத்தொன்பது வருஷம் அந்தச் சூட்டை அனுப்பிய கைக்குத் தெரியாதா?

"ஆவி எத்தனை மணிக்கு வந்துச்சுடி?"

"இப்பெல்லாம் இருபது நிமிஷம் லேட்டுக்கா. நேத்தும் அப்படித்தான். நான் உருளையை மெதுவா ஓட்டிச் சமாளிக்கிறேன்."

அவள் மேஜையை விட்டு விறுவிறுவென்று நடந்தாள். அந்த அறையில் தனியாக நிற்கத்தான் தடை, உள்ளே நுழையத் தடை இல்லை. முதலில் புகைபோக்கியின் வெப்பமானியைப் பார்த்தாள். வழக்கத்தைவிட முப்பது டிகிரி அதிகம். அடுப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகையோடு வீணாக வெளியே போகிறது. ஏதோ நடுவில் நிற்கிறது. அலமாரியிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டாள். நல்ல தண்ணீர் என்றால் நீலம் வர வேண்டும். ரோஜா நிறம் வந்தது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அப்படியே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது. பாய்லருக்கு முன்னால் சாப்ட்னர் என்று ஒரு தொட்டி உண்டு. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை அது வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குத் தினமும் சாதாரணக் கல்லுப்புக் கரைசல் விட்டால்தான் மறுநாளும் பிடிக்கிற சக்தி இருக்கும். விடாவிட்டால் வெறும் தொட்டி.

"சாப்ட்னருக்கு எப்ப உப்பு விட்டே?" என்று கேட்டாள்.

சீட்டி சீட்டியை நிறுத்தினான். "நான் வந்ததுல இருந்து விடலையேக்கா."

"ஏன்?"

"போன மாசம்தான நீங்களே உள்ள ஆசிட் விட்டுக் கழுவி வச்சீங்க? நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குழாயெல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது. சுத்தமா இருக்கிறதுக்குப் போய் எதுக்கு உப்புன்னு நிறுத்திட்டேன்."

பாய்லரக்காவுக்கு வந்த கோபத்தில் மானி முள்ளே நடுங்கியிருக்கும்.

"சுத்தமா இருக்குன்னு நிறுத்துவியா? அது சுத்தமா இருக்கிறதே நான் தினம் உப்பு விட்டதாலதான்யா. கழுவினது பழசை. இன்னைக்கு வர்ற தண்ணியில இன்னைக்குச் சுண்ணாம்பு இருக்காதா? அதை யாரு நிறுத்துவா, உன் சீட்டியா? கண்ணாடி மாதிரி இருக்கிறதைப் பார்த்துட்டு நிறுத்தினா, அடுத்த நாளே..."

அவள் நின்றுவிட்டாள்.

"அடுத்த நாளே என்னக்கா?" என்றான் சீட்டி பயத்தோடு.

 அவள் கையிலிருந்த குப்பியில் ரோஜா நிறம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்று நான்கு என்ற தாளைப் பார்த்துவிட்டு, மாத்திரைப் பெட்டியைப் பின்வரிசைக்குத் தள்ளிய தன் கையே அவள் கண்முன் வந்து நின்றது. இவனுக்காவது பாய்லர் புதுசு. தனக்கு?

"உப்பு மூட்டை எங்க இருக்கு தெரியுமா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள். "வா, காட்டறேன். உன்மேல தப்பு இல்லை. உனக்கு யாரும் சொல்லலை."

அன்று வேலை முடிந்ததும் நேரே மருந்துக்கடைக்குப் போனாள். மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள். காத்திருந்தாள். முறை வந்ததும் சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். வேற கடையிலயும் வாங்கலை. அஞ்சு மாசமா போடவே இல்லை. இப்போ அதோட ரெண்டு வாரத்தைச் சேர்த்துக்கோ. டாக்டர்கிட்டயும் பொய்தான்."

தங்கச்சி அதிர்ச்சி காட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினாள். "ஏங்கா நிறுத்தினீங்க? ஏதாவது பண்ணுச்சா?"

"ஒண்ணும் பண்ணலை. குழாய் கழுவி முடிஞ்சதுன்னு நினைச்சேன். கரைச்சு முடிச்ச ஆசிட்டை உள்ள விட்டா அரிக்குமில்ல?"

தங்கச்சிக்கு முதலில் புரியவில்லை. ஆசிட், படிவு, இரும்பு என்று இவள் விளக்கி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பக்கத்திலிருந்த காகிதப் பையின் முதுகில் வரைய ஆரம்பித்தாள். குழாயை இல்லை, கல்லீரலை.

"இந்த மாத்திரைக்கு ஸ்டாட்டின்னு பேருக்கா. இது குழாயைச் சுரண்டறதில்லை. இது வேலை செய்யிற இடமே கல்லீரல். நம்ம உடம்புல இருக்கிற கொழுப்புல பெரும்பங்கு சாப்பாட்டுல இருந்து வர்றதில்லை, கல்லீரலே தயாரிக்குது. மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைச்சிடும். அப்போ கல்லீரலுக்குத் தன் தேவைக்கே பத்தாது. உடனே என்ன பண்ணும்? தன் வாசல்களை அதிகமா திறந்து வச்சு, ரத்தத்துல சுத்திட்டு இருக்கிற கெட்ட கொழுப்பை உள்ள இழுத்துக்கும். அதான் அளவு இறங்குது. மாத்திரையை நிறுத்தினா, சில வாரத்துல கல்லீரல் பழையபடி தயாரிக்க ஆரம்பிச்சுடும்."

"குழாய்ல ஏற்கெனவே படிஞ்சது?"

"புதுசா வர்றது குறைஞ்சா படிவு வளராது. இருக்கிறதும் பிய்ச்சுக்கிட்டு வராம கொஞ்சம் கெட்டியா அடங்கி இருக்கும். ஆனா அதெல்லாம் வருஷக்கணக்குல. தினம் போட்டாத்தான்."

பாய்லரக்கா அந்தக் கல்லீரல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்போ இது ஆசிட் இல்லை" என்றாள் மெதுவாக. "சாப்ட்னர்."

"அது என்னதுக்கா?"

"உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லிட்டே. இது எனக்குத் தெரிஞ்சது." பிறகு கேட்டாள், "அஞ்சு மாசம் விட்டதுக்கு ரெண்டு ரெண்டா போட்டு ஈடு கட்டிடலாமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். விட்டது விட்டதுதான். ஒருநாள் மறந்தாக்கூட மறுநாள் ரெட்டிப்பா போடக்கூடாது. இருங்க, டாக்டருக்குப் போன் பண்றேன். நீங்க போடாம இருந்தது தெரிஞ்சா இந்த ரெண்டு மடங்கு தேவையே இருக்காது."

போனை இவளிடமே கொடுத்தாள். பாய்லரக்கா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். 

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் டாக்டர். "பொய்யான அளவை நம்பி நான் மருந்தைக் கூட்டி எழுதிட்டேன். பழைய அளவே போடுங்க. தினம் ஒரே நேரத்துல. கால், தொடை, தோள் எங்கயாவது காரணமில்லாம வலிச்சா நீங்களா முடிவெடுக்காதீங்க, எனக்குச் சொல்லுங்க. உங்க பையனுக்கும் ஒரு தடவை ரத்தம் பாருங்க. தேதி மாறாது. இன்னும் பத்து வாரம் இருக்கு."

அன்று முதல் பல் துலக்கியதும் மாத்திரை. போட்டதும் நாள்காட்டியில் ஒரு கோடு. கோடு போடாமல் செருப்பைப் போட மாட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளைக் காலையில் இறக்கிவிட்டால் மத்தியானம் வரை வேலை இல்லை. மனைவி பாய்லர் அறையை இழந்தால் எப்படி ஆகிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பில், வேன் ஓட்டும் கூட்டாளி ஒருவனிடம் யோசனை கேட்டார். அதன் பலனாக ஒரு கூடை பழம் வீட்டுக்கு வந்தது. பம்ப்ளிமாஸுக்குத் தம்பி மாதிரி இருக்கும், கிரேப்ஃப்ரூட் என்று ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது. சிவந்த சுளை, கசப்பும் புளிப்புமாக.

"என்னங்க இது, வாயில வச்சா முகம் கோணுது."

"முகம் கோணினா என்ன, கொழுப்பு கரையும். என் பேச்சைக் கேளும்மா. ஒரு சொம்பு காலையில, ஒரு சொம்பு சாயங்காலம்."

அவர் கையாலேயே பிழிந்து, விதை எடுத்து, வடிகட்டி நீட்டுவார். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அந்த மனுஷர் சமையலறையில் செய்த முதல் காரியம். மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்துவைத்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். மேஜையருகே நிற்கும்போது தொடைகளில் வலி ஆரம்பித்தது. நின்றதால் வரும் வலி இல்லை. உட்கார்ந்தாலும் இருந்தது, படி ஏறினால் கனத்தது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

இந்த இடம்தான் கண்ணுகளா, அவளுக்குக் கஷ்டமான இடம். சொன்னால் டாக்டர் மாத்திரையை நிறுத்தினாலும் நிறுத்துவார். நிறுத்தினால் எண் ஏறும். ஏறினால் பாய்லர் அறை போச்சு. சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஐந்து வாரம் ஓட்டினால்? "அஞ்சு வாரம் என்ன பெரிய விஷயமாக்கா, நான் வேணா உங்க பங்கையும் மடிக்கிறேன், நீங்க உட்காருங்க" என்றாள் நெட்டை, விஷயம் தெரிந்ததும்.

"அழுத்த மானி ஏறிக்கிட்டே போகுது. என்ன பண்ணுவே? அதுமேல துணியைப் போட்டு மூடுவியா?" என்றாள் பாய்லரக்கா.

"மாட்டேன்."

"அப்போ லீவு சொல்லிடு எனக்கு."

டாக்டர் நிறையக் கேட்டார். சிறுநீர் கறுத்து வருகிறதா? இல்லை. காய்ச்சல்? இல்லை. புதிதாக வேறு மருந்து, பொடி, கஷாயம்? இல்லை. தசைக்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். மறுநாள் முடிவு வந்தது, பயப்படும்படி ஏதும் இல்லை. ஆனால் வலி பொய்யில்லையே. முடிவைக் கேட்க வந்தவளோடு வீட்டுக்காரரும் கூடவே வந்திருந்தார்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?" என்று டாக்டர் கேட்டதும், அவர் பெருமையாக முன்னால் வந்தார்.

"நான்தான் டாக்டர் ஜூஸ் போட்டுத் தர்றேன். தினம் ரெண்டு சொம்பு. கிரேப்ஃப்ரூட்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. ஒருநாள் கூட விடலை" என்றார் அவர், இன்னும் பெருமையாக.

"ஐயா, இவங்க போடற மாத்திரை வேலையை முடிச்சதும் உடம்புக்குள்ள உடைஞ்சு வெளியே போகணும். நீங்க தர்ற ஜூஸ் அதை உடைக்க விடாம மறிக்குது. அதனால மாத்திரை ரத்தத்துல சேர்ந்து சேர்ந்து, போட்டதை விட அதிக அளவு போட்ட மாதிரி ஆயிடும். இந்த வகையில எல்லா மாத்திரைக்கும் இப்படி இல்லை, இவங்களோடதுக்கு உண்டு. வலிக்கு அதான் காரணமா இருக்கும்னு நினைக்கிறேன்."

வீட்டுக்காரர் முகம் ஆவி போன உருளை மாதிரி ஆகிவிட்டது. "அப்போ நானே என் பொண்டாட்டிக்கு..."

"கழிவுத் தண்ணி போற வழியை மூடிட்டீங்க, அவ்வளவுதான்" என்றாள் அவள். "வாங்க, அழாதீங்க. பாக்கிப் பழத்தை நீங்களே தின்னு தீருங்க. உங்க முகம் கோணட்டும், நான் பார்க்கிறேன்."

ஜூஸை நிறுத்தச் சொன்னார் டாக்டர். மாத்திரை தொடரலாம், ஒரு வாரத்தில் வலி குறையாவிட்டால் வேறு வகைக்கு மாற்றலாம், இதற்குப் பல வழி இருக்கிறது என்றார். ஒரு வாரம் வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் பாய்லரக்கா மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். அண்ணன் சாய்ந்தது இப்படி ஒரு படியில்தான் என்று மேலே போன பிறகு நினைவு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மகனின் ரத்தத்திலும் அளவு கூடுதலாகத்தான் வந்தது. ஆனால் இருபத்தாறு வயதிலேயே தெரிந்துவிட்டது. மாமாவுக்குக் கிடைக்காத இருபது வருஷ அவகாசம் கையில் இருக்கிறது என்று அவனிடம் சொல்லி, அவனையும் அதே டாக்டரிடம் அனுப்பினாள்.

தேதி வந்தது. மூன்று மாதத்தின் கடைசி நாள். டாக்டர் மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், சுவரோரம் மேனேஜர். டாக்டர் தாளை இரண்டு தரம் படித்தார். அந்த மனுஷருக்கு ஒரு தரம் படிக்கவே தெரியாது போலிருக்கிறது.

"எண்பத்தாறு" என்றார்.

அவள் உடனே சிரிக்கவில்லை. "கல்லீரல்?" என்று கேட்டாள்.

"அதுவும் பார்த்தாச்சு. நல்லா இருக்கு."

"தசை?"

"வலிக்குதா?"

"இல்லை."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் நிமிராமலே சொன்னார், "சார், பத்தொம்பது வருஷம் ஒரு பாய்லரைக் காப்பாத்தினவங்க. தனக்கு வலிக்குதுன்னு தானே வந்து சொன்னவங்க. இதைவிட நம்பகமான ஆளை நீங்க எங்க தேடுவீங்க?" மேனேஜர் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். அவளுக்காகக் கதவைத் திறந்தது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு பாய்லர் அறைக் கதவில் சாவி திரும்பியது. சீட்டி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தான். கேட்காமலே குப்பியை நீட்டினான். சொட்டு விட்ட தண்ணீர் நல்ல நீலமாக இருந்தது.

"தினமும் உப்பு விடறேன்கா. நீங்க சொன்ன பிறகு ஒருநாள் கூடத் தவறலை, சத்தியமா."

"அதான் புகைபோக்கி சூடு இறங்கியிருக்கு. நாளையில இருந்து நீ என் கூடவே இருக்கலாம்னு மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கேன். சீட்டியை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ."

அவள் பதிவேட்டைத் திறந்தாள். தண்ணீர் மட்டம், அழுத்தம், சூடு என்று கட்டங்கள் போட்ட தாள். ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் பென்சிலால் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, மாத்திரை என்று தலைப்பு எழுதினாள். வீட்டில் பல் துலக்கியதும் போட்ட மாத்திரைக்கு, இங்கேயும் ஒரு கோடு.

சீட்டி எட்டிப் பார்த்தான். "இதை எப்பக்கா நிறுத்துவீங்க?"

"டாக்டர் நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன். நம்பர் நல்லா இருக்குன்னு நிறுத்த மாட்டேன். நீ உப்பை நிறுத்துவியா?"

"ஐயோ, சாமி" என்றான் சீட்டி.

பர்னர் பற்றிக்கொண்டது. கீழிருந்து வயிற்றுக்குள் அந்தப் பழைய முனகல் கேட்டது, பிறகு அது உறுமலாக மாறியது. மானி முள் மெல்ல மெல்ல ஏறியது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு மணிக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அவளுக்குப் பிடித்த இடத்தில் வந்து நின்றது. வால்வைத் திருகினாள். குழாய் ஒருமுறை நடுங்கி ஆவியை வாங்கிக்கொண்டு ஓடியது.

ஸ்பானரை எடுத்தாள். டங், டங்.

 மறுகோடியிலிருந்து டங், டங் என்று பதில் வந்தது. அது அத்தோடு நிற்கவில்லை. மடிப்பு மேஜையில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் கையில் கிடைத்ததைக் கொண்டு மேஜையையும் குழாயையும் துணி தள்ளும் வண்டியையும் தட்ட ஆரம்பித்தார்கள். கட்டடம் முழுக்க அதிர்ந்தது. நடுவில் நெட்டையின் குரல் கேட்டது.

"ராணி அரண்மனைக்குத் திரும்பிட்டாங்கடி. விரிப்பைப் போடுங்க, இன்னைக்கு ஒண்ணுல கூட ஈரம் இருக்கக்கூடாது."

பாய்லரக்கா ஸ்பானரை ஆணியில் மாட்டினாள். பதிவேட்டை இழுத்து, முள்ளைப் பார்த்து, முதல் அளவை எழுதினாள்.